கூட்டு மரத்தடியில் திரும்பிய நடை: வன்னிக் காட்டில் ஒரு பறவை நோக்கல், நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் பறவை பார்க்க மிக நல்ல காலம் பங்குனியும் சித்திரையின் தொடக்கமும். காலபோகம் எனும் மாரிகால நெல்லின் அரிவு வெட்டு முடிந்துவிடும், காட்டுப் பாதைகளில் சேறு காய்ந்துவிடும். வாடைக் காற்றோடு வந்து இங்கே தங்கிய ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி போன்றவை திரும்பிப் போகும் முன் நிற்கும் கடைசி நாட்கள் அவை. அதே நாட்களில் உள்ளூர்ப் பறவைகள் கூடு வைக்கத் தொடங்கும். போகிறவையையும் வீட்டுக்காரரையும் ஒரே காலையில் பார்க்கலாம் என்பதால்தான் வழிகாட்டியோடு போகும் நடைகள் பெரும்பாலும் இந்த நாட்களில் வைக்கப்படுகின்றன. இதில் உள்ள சிக்கலும் அதுவேதான். மனிதர் காட்டுக்குள் அதிகம் போக விரும்பும் காலமும், பறவைகள் தொந்தரவைத் தாங்கமுடியாத காலமும் ஒன்றாக வருகின்றன.

இங்கே எழுதுவது அப்படி ஒரு நடை, இருவாய்ச்சிக் கூடு ஒன்றைக் கண்டு பாதியில் திரும்பியதைப் பற்றி. முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள ஒரு குளத்தின் மேற்காட்டில் அது நடந்தது. இருவாய்ச்சி என்பது சொண்டின் மேல் கொம்புள்ள பெரிய பறவை. குளத்தின் பெயரைக் காரணத்தோடுதான் தவிர்த்திருக்கிறேன். அந்தக் கிராமத்தின் சனசமூக நிலையமும் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் இயற்கைக் கழகமும் சேர்ந்து நடையை ஒழுங்கு செய்தன. வந்தவர்கள் பதினான்கு பேர்: உயர்தர வகுப்பு மாணவர் எட்டுப் பேர், ஒரு ரீச்சர், யாழ்ப்பாணத்தில் இருந்து பெரிய கமராக்களோடு வந்த மூவர், வழிகாட்டிகளாகப் பழக விரும்பிய கிராமத்து இளைஞர் இருவர். முன்னால் நடந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயா. சின்ன வயதில் இருந்தே தேன் எடுக்க அந்தக் காட்டுக்குள் போய்வருபவர். பறவைகளின் பெயர்களைச் சொல்வதும் குழுவைப் பின்னால் இருந்து பார்த்துக்கொள்வதும் என் வேலை.

இடம்

இது முதிர்ந்த காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று மேலே கூடிய கூரை, கீழே குருந்தும் முட்செடிகளும் அடர்ந்த பற்றை. காட்டை ஊடறுத்து ஒரு சிற்றாறு குளத்துக்கு வருகிறது. அதன் கரையில் மட்டும் மருத மரங்கள், அத்தி மரங்கள். போர்க்காலத்திலும் அதன் பின்னும் வன்னியில் எவ்வளவோ மரம் விழுந்தது. இந்தத் துண்டு தப்பியது. அதிலும் ஆற்றங்கரை மருதுகள் தப்பியதற்கு ஐயா சொன்ன காரணம், பாதி மரங்கள் கோறை விழுந்தவை, அதாவது உள்ளே பொள்ளலானவை, பலகைக்கு உதவாது என்பது. மரக்காரருக்கு உதவாத அந்தக் கோறைதான் பறவைகளுக்கு வீடு. இருவாய்ச்சிக்கு மரங்கொத்தியைப் போலப் பொந்து குடையத் தெரியாது. தன் உடம்பு நுழையும் அளவு பொந்து இயற்கையாகவே விழுந்திருக்க வேண்டும். இளம் மரத்தில் அது கிடைக்காது.

பாதை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவு அதில் தங்கியிருந்தது. 2009இல் போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும் வேலை குடியிருப்பு, வயல், வீதி என்று முன்னுரிமைப்படிதான் நடந்தது. உள்காட்டை அடியடியாகச் சோதித்துவிட்டதாக யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாடு சாய்க்கிறவர்களும் தேன் எடுக்கிறவர்களும் நாளாந்தம் நடக்கும் தடத்தை விட்டு வெளியே கால் வைப்பதில்லை. அனுமதி கேட்டபோது வனவளத் திணைக்களத்தின் பகுதி அலுவலகத்திலும் இதையே வலியுறுத்தினார்கள்.

ஏற்பாடு

குளக்கட்டில் தொடங்கி, தடம் வழியே இரண்டரைக் கிலோமீற்றர் நடந்து, காட்டின் நடுவில் உள்ள ஒரு மோட்டையை (தண்ணீர் தேங்கும் பள்ளத்தை) அடைந்து, அதே வழியால் திரும்புவது என்பது திட்டம். கோடையில் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் வற்றும்போது மோட்டையில் மட்டும் நிற்கும். மரகதப்புறா, காட்டுக்கோழி, ஆந்தைகள் எல்லாம் அங்கே வரும். கமராக்காரர் மூவரும் வந்ததே அதற்காகத்தான்.

புறப்படும் முன் மூன்று விஷயங்களை எல்லோரிடமும் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தோம். தடத்தை விட்டு விலகுவதில்லை. யானைத் தடயம் புதிதாகக் கண்டால் ஐயா சொல்வதே முடிவு. போனில் பறவைக் குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடுவதில்லை. கூடு வைக்கும் காலத்தில் பதிவு செய்த குரலைக் கேட்கும் பறவை, எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அதை விரட்டத் திரியும். அதைத் தடுக்கத்தான் அந்த விதி.

நடையின் முதல் பகுதி

விடிய ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். பற்றைக்குள் இருந்து ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை கேட்டது, வழக்கமான நேரத்தில்தான். குரலைப் போடலாமா என்று ஒருவர் சாடையாகக் கேட்டார், ரீச்சரே மறுத்துவிட்டார். சோலைபாடி ஒன்று நெடுநேரம் பாடியது. இலங்கைக்கே உரிய காட்டுக்கோழிச் சேவல் தடத்தைக் குறுக்கே கடந்தது.

மாணவர்களை நிறுத்தி வைத்தவை இரண்டு. முதலாவது அரசவால் ஈப்பிடிப்பான். நீண்ட வாலோடு வெள்ளை நிறத்தில் ஒன்று, செம்பழுப்பில் ஒன்று. ஆணும் பெண்ணுமா என்று ஒரு மாணவி கேட்டாள். அப்படி இல்லை. வெள்ளை உடம்புள்ள ஆண்கள் இந்தியாவில் இருந்து வலசை வருபவை. இங்கேயே பிறந்து வளரும் இனப்பிரிவின் ஆண் வயது போனாலும் செம்பழுப்பாகவே இருக்கும். ஒரே கிளையில் ஊர்க்காரரும் விருந்தாளியும்.

இரண்டாவது ஒரு மரங்கொத்தி. யாழ்ப்பாணப் பக்கத்தில் இதன் முதுகு பொன்மஞ்சள், தெற்கே போனால் இரத்தச் சிவப்பு. இரண்டும் சந்தித்துக் கலக்கும் இடைப்பகுதி வடக்கிலும் வடமத்தியிலும் இருக்கிறது. நாங்கள் கண்டதன் முதுகு செம்மஞ்சள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள் தங்கள் வளவில் எடுத்த படத்தைப் போனில் காட்ட, மாணவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வன்னிக் காட்டில் நின்று கற்க இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

வழியில் யானை லத்தி கிடந்தது. ஐயா தடியால் கிண்டிப் பார்த்து, உள்ளே ஆறிப்போய் இருக்கிறது, நேற்றையது என்றார். சரி என்று தொடர்ந்தோம்.

மருத மரத்தடியில் கண்டது

ஏழு இருபதுக்கு ஆற்றங்கரையை அடைந்தோம். தடம் அங்கே ஒரு பெரிய மருத மரத்தின் அடியோடு போகிறது. நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். முதலில் கண்டது மேலே அல்ல, கீழேதான். மாணவன் ஒருவன் வேரடியில் குனிந்து நின்றான். அங்கே ஓரிடத்தில் மட்டும் வெள்ளை எச்சம் தெறித்துக் கிடந்தது. அதற்குள் அத்தி விதைகள், ஏதோ பெரிய கொட்டைகள், வண்டின் சிறகு ஓடுகள். அந்த இடத்துக்கு நேர் மேலே, பத்து மீற்றருக்கும் அதிக உயரத்தில், அடிமரத்தில் ஒரு பொந்து. வாயை மண் நிறத்தில் ஏதோ பூசி அடைத்திருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு, இரண்டு விரல் அகலம் இருக்கும். பிளவுக்குள் வெளிறிய சொண்டின் நுனி ஒரு கணம் வந்து மறைந்தது.

அது இருவாய்ச்சிக் கூடு. கருப்பு வெள்ளை உடம்பும் சொண்டின் மேல் பெரிய கொம்பும் கொண்ட இனம். முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலும் இரை மீதிகளாலும் வாயை அடைத்துக்கொள்ளும். அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், அதன்பின் குஞ்சு வளரும் காலம். அவ்வளவு நாளும் அதற்குச் சாப்பாடு அந்தப் பிளவு வழியே ஆண் கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான். வேறு வழி கிடையாது.

எல்லோரும் மரத்தடியில் கூடிவிட்டார்கள். சத்தம் போடவில்லை, ஒழுங்காகத்தான் நின்றார்கள். கமராக்காரர் முக்காலிகளை விரித்தார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆண் வந்தது. சிறகடிக்கும் ஓசை முதலில் கேட்டது. அது பொந்துக்கு வரவில்லை. அறுபது மீற்றர் தள்ளி ஒரு முதிரையின் காய்ந்த கிளையில் இருந்து எங்களைப் பார்த்தது. தலையை ஒருபக்கம் சாய்த்தது, கிளையில் இரண்டு எட்டு வைத்தது, சொண்டைக் கிளையில் தேய்த்தது. பிறகு எழுந்து ஆற்றுக்கு அப்பால் போய், இன்னொரு பக்கத்தால் திரும்பி வந்தது. அதே கிளை. மறுபடி போனது, மறுபடி வந்தது. மூன்றாம் தடவை வந்தபோது ஐயா என் கையைத் தொட்டு, தொண்டையைப் பார் என்று காட்டினார். தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிந்தது. கழுத்தின் முன்பக்கம் புடைத்து நின்றது. இருவாய்ச்சி பழங்களை விழுங்கிக் கழுத்துக்குள் சேர்த்துக் கொண்டுவந்து, கூட்டடியில் ஒவ்வொன்றாகக் கக்கி எடுத்துக் கொடுக்கும். கொடுக்க வந்ததைக் கொடுக்க முடியாமல் அது வைத்துக்கொண்டு நின்றது.

உள்ளே இருந்து பெண்ணின் சொண்டு மறுபடி பிளவில் தெரிந்தது. மெல்லிய, கரகரத்த சத்தமும் வந்தது.

முடிவும் காரணமும்

மணி ஏழே முக்கால் ஆகியிருந்தது. என்னென்ன செய்யலாம் என்று ஐயாவும் நானும் ரீச்சரும் ஒதுங்கி நின்று கதைத்தோம்.

மோட்டைக்குப் போவதென்றால் மரத்தைக் கடந்து போக வேண்டும். பிறகு ஒன்றரை மணி நேரத்தில் இதே அடியால் திரும்பவும் வர வேண்டும். பதினாறு பேர் ஒற்றையடித் தடத்தில் கடக்கும்போது முன்னுக்குப் போனவர் நிற்பார், பின்னுக்கு வருபவர் அண்ணாந்து பார்ப்பார். வேறு நாடுகளில் இப்படி ஒரு கூட்டைக் கண்டால் பெரிய வளைவாகச் சுற்றிப் போ என்று ஆலோசனை சொல்வார்கள். எங்களுக்கு அது இல்லை. தடத்தின் இரு பக்கமும் சோதிக்கப்படாத பற்றை, கூட்டத்தில் பாதி பாடசாலைப் பிள்ளைகள். ஆகவே மிஞ்சியவை இரண்டு: இருந்த இடத்திலேயே நிற்பது, அல்லது வந்த வழியே பின்வாங்குவது.

நிற்கலாம் என்பதற்குக் கமராக்காரர் ஒருவர் நியாயம் சொன்னார். அவர் அக்கறையில்லாத மனிதர் அல்ல, பறவைகளை நன்றாக அறிந்தவர்.

"ஐயா, நாங்கள் அசையாமல் நிண்டால் அது பழகிடும்தானே?"

"பழகும் தம்பி. பழகுறமட்டும் உள்ளுக்க இருக்கிறது என்ன செய்யும்?"

அதற்குமேல் அவர் பேசவில்லை.

உள்ளே முட்டையா, குஞ்சா என்று வெளியில் நின்று சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் காலை நேரச் சாப்பாடு முக்கியம், இரவு முழுக்க ஒன்றும் கிடைத்திருக்காது. ஆண் திரும்பத் திரும்ப வந்தும் இறங்காமல் போனது, எங்கள் தூரம் போதாது என்பதை அது சொன்ன விதம். அதற்குமேல் ஆதாரம் தேடத் தேவை இருக்கவில்லை. பின்வாங்குவது, மோட்டையைக் கைவிடுவது என்று தீர்மானித்தோம். குழுவிடம் காரணத்தை ஒளிக்காமல் சொன்னோம். புடைத்த கழுத்தை ஒவ்வொருவருக்கும் தொலைநோக்கியில் காட்டியபிறகு, ஏன் என்று கேட்டவர் யாரும் இல்லை. பறவையின் நடத்தையை அவரவர் கண்ணால் பார்க்க வைத்ததுதான் இங்கே வேலை செய்தது. அறிவுரை மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பேர் முகம் சுருங்கியிருப்பார்கள்.

அதன்பின் நடந்தது

தொண்ணூறு மீற்றர் பின்னால் தடம் வளைகிறது. ஒரு பாலை மரத்தின் மறைவில் நின்றால் பொந்து இலைகளுக்கிடையே தெரியும், எங்கள் உருவம் அங்கிருந்து அவ்வளவாகத் தெரியாது. முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கியைப் பொந்துக்கு நேரே வைத்தோம்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆண் நேராக வந்து பொந்தின் கீழ் விளிம்பில் பட்டையைப் பற்றிக்கொண்டது. வாலை மரத்தோடு அழுத்தி ஊன்றியது. தலையை ஒரு தடவை உதறியது, சொண்டு நுனியில் ஒரு சிவந்த அத்திப்பழம் இருந்தது. பிளவுக்குள் நீட்டியது, உள்ளிருந்த சொண்டு அதை வாங்கியது. மறுபடி உதறல், அடுத்த பழம். தொலைநோக்கியில் கண் வைத்திருந்த மாணவி தாழ்ந்த குரலில் எண்ணிக்கொண்டே போனாள், பத்தொன்பது வரை. ஒரு பழம் தவறிக் கீழே விழுந்தது. ஆண் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சிறிது நேரத்தில், நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. காட்டுக்குள் இருந்து ஒரு மனிதர் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்தார். மாடுகளும் அவரும் அந்த மருத மரத்தின் அடியாலேயே கடந்தார்கள். ஆண் பறவை ஒரு கிளை மேலே ஏறியது, அவ்வளவுதான். அவர் நிற்கவும் இல்லை, மேலே பார்க்கவும் இல்லை. அவர் கடந்த கையோடு அது மறுபடி பொந்துக்கு இறங்கியது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்தச் சோடிக்கு மனிதன் புதியவன் அல்ல. கடந்து போகிறவனையும், நின்று அண்ணாந்து பார்க்கிற கூட்டத்தையும் அது வேறுபடுத்தி அறிகிறது. நாங்கள் தடத்தை விட்டு விலகவில்லை, குரல் எழுப்பவில்லை, சொன்ன விதி எல்லாவற்றையும் காத்தோம். அப்படி இருந்தும் எங்கள் நிற்றலே ஒரு தடையாக இருந்தது.

அந்த வளைவில் முக்கால் மணி நேரம் நின்றோம். பிறகு குளக்கட்டுக்குத் திரும்பி, பிளேன்ரீயும் பணிஸும் எடுத்தபடி அன்றைய பட்டியலை எழுதினோம். நாற்பத்தொரு இனங்கள். மோட்டைக்குப் போயிருந்தால் இன்னும் சில கூடியிருக்கும். பிள்ளைகள் யாரும் எண்ணிக்கையைப் பற்றிக் கதைக்கவில்லை.

இடத்தை மறைப்பது பற்றியும் அங்கேயே பேசினோம். பறவைப் பதிவு இணையத்தளமான இ-பேர்டில் பட்டியலைக் குளத்தின் பெயரில் பதிவது, கூட்டின் புள்ளியைக் குறிக்காமல் விடுவது. கமராக்காரர் மூவரும் குஞ்சு வெளியேறும் வரை படங்களை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள், சொன்னபடியே இருந்தார்கள். ஆனால் கசிவு வேறு பக்கத்தால் வந்தது. மரத்தடியில் எடுத்த ஒரு குழுப்படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. படத்தில் பொந்து இல்லை, மருதின் அடிமரம் மட்டும் இருந்தது. அந்தக் காட்டை அறிந்தவர்களுக்கு அது போதும். அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து, இருவாய்ச்சிக் கூடு எங்கே என்று கிராமத்துக் கடையில் விசாரித்தார்கள். கடைக்கார அம்மா அவர்களை ஐயாவிடம் அனுப்பினார். ஐயா அவர்களைக் குளக்கட்டுக்குக் கூட்டிப் போய்க் கொக்கும் நாரையும் காட்டி அனுப்பிவிட்டார்.

கூட்டை ஐயா தொடர்ந்து கவனித்தார், தன் வழமையான வேலைக்குப் போகும்போது நிற்காமல் கடந்தபடி. ஆனி மாதத்தில் பொந்து வாயின் பூச்சு உடைந்திருந்தது. பிறகு ஆற்றங்கரை அத்தியில் மூன்று பறவைகள் ஒன்றாக இருந்ததைக் கண்டார். ஒன்றின் கொம்பு இன்னும் வளரவில்லை, இளம் பறவை.

பாடசாலைக் கழகத்தில் இதற்குப் பிறகு ஒரு வேலை தொடங்கியது. தடத்தில் நின்றபடியே கண்ணுக்குத் தெரியும் கோறை மரங்களைப் பதிகிறார்கள்: என்ன மரம், ஏறக்குறைய எவ்வளவு சுற்றளவு, பொந்து எந்த உயரத்தில், யார் குடியிருப்பது. காட்டில் நல்ல மரம் எது என்று கேட்டால் முதிரையும் பாலையும் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் இப்போது பழுதான மரங்களைத் தேடிக் குறிக்கிறார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மாற்ற வேண்டியவை

முன்னோட்டப் பார்வையின் நோக்கம் மாற வேண்டும். நடைக்கு முன் தடத்தைப் பார்க்கப் போகிறவர் இதுவரை யானை, விழுந்த மரம், தண்ணீர் என்பவற்றையே பார்த்தார். பங்குனி, சித்திரையில் பெரிய மரங்களின் அடியையும் பார்க்க வேண்டும். விதைகளும் எச்சமும் ஓரிடத்தில் குவிந்திருந்தால் மேலே கூடு இருக்க வாய்ப்புண்டு என்று எடுத்து, அந்த இடத்துக்கு முன்பே நடையை முடித்துவிடலாம்.

குழுவின் அளவு பற்றி எனக்கு ஐயமில்லை. ஒற்றையடித் தடத்தில் எட்டுப் பேருக்குமேல் போனால், நிற்காமல் கடந்து போ என்ற கட்டளையை நிறைவேற்ற முடியாது. மாணவர் குழுவையும் படம் எடுக்க வருகிறவர்களையும் வெவ்வேறு நாட்களில் அழைப்பது நல்லது, இரு பகுதியினரின் வேகமும் தேவையும் வேறு. மாணவர் ஓயாமல் கேள்வி கேட்க வேண்டும், படம் எடுப்பவர் ஓயாமல் காத்திருக்க வேண்டும்.

மரத்தடியில் குழுப்படம் எடுப்பதில்லை, குளக்கட்டில் எடுக்கலாம் என்பதும் இப்போது விதிகளில் சேர்ந்திருக்கிறது. பதிவு செய்யும்போதே நடை பாதியில் திரும்பலாம் என்று சொல்லிவிடுகிறோம். தூரத்தில் இருந்து செலவழித்து வருகிறவருக்கு அதை முன்கூட்டியே அறியும் உரிமை உண்டு.

வளைவில் நிற்கும் பாலை மரத்தில் ஐயா ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருக்கிறார். பங்குனியில் இருந்து ஆனி முடியும் வரை நடைகள் அந்தத் துணியோடு திரும்பும். மோட்டையைப் பார்க்க விரும்புகிறவர்களை ஆவணியில் வரச் சொல்கிறோம். அப்போது ஆறுமணிக்குருவி இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.